வாரம் ஒரு பெஞ்சு

தராசு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன்தான். ஜன்னலோரம் இந்த வாரம் யார் படுப்பது, மின்விசிறிக்கு நேர்கீழே யார் படுப்பது என்று பத்து வயதிலேயே நாள்காட்டியில் குறித்து வைத்து வீட்டை ஆட்டிப் படைத்தவள் அவள்.

"இவளைக் கட்டிக்கப் போறவன் பாவம்மா. கொட்டாவி விடக்கூட முறை போட்டுருவா," என்பான் அண்ணன்.

"உன் முறை வரும்போது தூங்கிட்டிருப்ப, அதான் உனக்கு எரியுது," என்பாள் இவள்.

பள்ளியின் கடைசி வருடம் தொடங்கியபோது, அவள் கண்ணில் வகுப்பறை பட்டது. ஏழு வரிசை பெஞ்சு. முதல் வரிசைக்கு டீச்சரின் முழுக் குரலும் கிடைக்கும். கடைசி வரிசைக்கு வந்து சேர்வது மிச்சம் மீதி. முதல் வரிசையில் இருப்பவர்கள் வருடா வருடம் அதே ஆட்கள்தான். ஊரிலும் இப்படித்தானே என்று அவள் யோசித்தாள். பெரிய தெருவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. கடைசித் தெருவில் குடத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடக்கிறார்கள். முதலில் வகுப்பையாவது சரிசெய்யலாம். வாரம் ஒரு பெஞ்சு, எல்லோரும் சுற்றி வரட்டும். கோடு போட்டு அட்டவணை எழுதி, கையெழுத்து வாங்கக் கிளம்பினாள்.

நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள். பாக்கி ஒருத்தி, ஐஸ்.

ஐஸ் மூன்று வருடமாக முதல் பெஞ்சின் ஓரத்தை விட்டு அசையாதவள். டீச்சர் வாயைத் திறந்தால் கண் இமைக்காமல் அந்த முகத்தையே பார்ப்பாள். டீச்சருக்கு ஐஸ் வைக்கிறாள் என்று வகுப்பு முடிவு கட்டி, அதையே பெயராகவும் சூட்டிவிட்டது. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்றார்கள்.

"நான் போடலை," என்றாள் ஐஸ்.

"ஏன்?"

"எனக்கு முன்னாடி உக்காந்தாதான்..." என்று ஆரம்பித்தவள் சுற்றிலும் பார்த்தாள். ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

"முன்னாடி உக்காந்தா எங்களுக்கும்தான் நல்லாயிருக்கும். உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"விடுடி, ஐஸ் உருகிடப் போகுது," என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும் நேரத்தில் ஐஸும் சிரித்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

திட்டம் நன்றாகவே நடந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டுப் பாராட்டினார். மற்ற வகுப்புகளுக்கும் அந்த அட்டவணை போனது. ஐஸ் ஆறாவது, ஏழாவது பெஞ்சு என்று நகர்ந்து, பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பார்த்து எழுதினாள். ஒருநாள் கணக்கு டீச்சர் கரும்பலகையைப் பார்த்தபடியே அவளிடம் ஒரு கேள்வி கேட்க, எழுந்து நின்று சம்பந்தமே இல்லாத பதிலைச் சொன்னாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தராசும் சிரித்தாள்.

பொதுத்தேர்வில் ஐஸ் இரண்டு பாடத்தில் தோற்றுப் போய்விட்டாள்.

மதிப்பெண் பட்டியல் வாங்க வரிசையில் நின்றபோது கணக்கு டீச்சர்தான் தராசிடம் சொன்னார். "நேத்து அவ அம்மா வந்து அழுதுட்டுப் போனாங்க. ஆறு வயசுல காய்ச்சல் வந்து காது போயிருக்கு. ஒண்ணு சுத்தமா கேக்காது, இன்னொண்ணு பேருக்குத்தான். வாயசைவைப் பாத்தே இத்தனை வருஷம் படிச்சிருக்கா. நமக்கு யாருக்குமே தெரியாம போச்சே."

'நமக்கு' என்று டீச்சர் பழியைப் பங்கு போட்டுக் கொடுத்தார். தராசுக்கு அந்தப் பங்கீடு ஆறுதலாக இல்லை. டீச்சரிடம் யாரும் 'எனக்கு முன்னாடி உக்காந்தாதான்' என்று சொல்ல வந்ததில்லை. தன்னிடம்தான் ஐஸ் அதைச் சொல்ல வந்தாள்.

மறுதேர்வு விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். படிவத்தை வாங்கிக்கொண்டு ஐஸின் அப்பா நடத்தும் மாவு மில்லுக்குப் போனாள். உள்ளே மெஷின் ஓடிய சத்தத்தில் அவளுக்குத் தன் குரலே கேட்கவில்லை. புருவமெல்லாம் மாவாக, மெஷினின் வாயில் கட்டிய துணிப்பையைத் தட்டிக்கொண்டிருந்தாள் ஐஸ். வரிசையில் நின்றவர்கள் கத்திக் கத்திச் சொன்னதையெல்லாம் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு டின்களை வாங்கி வைத்தாள். இங்கே காது கேட்காதவள் தராசுதான்.

ஐஸ் அவளைப் பின்பக்கம், மூட்டைகள் அடுக்கியிருந்த அறைக்குக் கூட்டிப் போனாள்.

"இதுல ஒரு கட்டம் இருக்கு பாரு. காது கேக்காதுன்னு எழுதினா கூடுதல் நேரம் தருவாங்க."

"அதை எழுதணுமா?"

"எழுதினாத்தான் தருவாங்க."

"அப்போ வேண்டாம்."

"எங்கிட்டயாவது அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன்."

தராசு படிவத்தை மடித்தாள், பிரித்தாள்.

"ஐஸ்னு கூப்பிட்டீங்க. சரி, போகட்டும்னு இருந்தேன். செவிடுன்னு கூப்பிட்டா என்ன பண்ணியிருப்பேன்?"

"அப்படி யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க," என்றாள் தராசு. சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "என்னை மன்னிச்சிடு," என்றாள்.

"என்ன சொன்னே? நிமிந்து சொல்லு."

நிமிர்ந்து சொன்னாள். முகத்துக்கு நேராகச் சொல்லும்போது அந்தச் சொல் முன்னைவிடச் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

"உம்மேல கோவம் இல்லடி," என்றாள் ஐஸ். "பின்னாடி உக்காந்தவங்க நாலு பேரு இந்த முறை பாஸ் பண்ணியிருக்காங்களாமே. அம்மா சொன்னாங்க. நல்லதுதானே."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். யாரோ டின்னோடு வந்து நிற்க, ஐஸ் படிவத்தை வாங்கிக்கொண்டு, "பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து தராசு பள்ளி அலுவலக வாசலில் நின்றாள். நாலு மணி, நாலரை. யார் யாரோ வந்து படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்து மணிக்கு கிளார்க் எழுந்து கவுண்டர் கதவைச் சாத்தினார்.

"யாருக்காகம்மா இவ்வளவு நேரம் நிக்கிறே? ஃப்ரெண்டா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கூடப் படிச்ச பொண்ணு சார்," என்றாள்.