இருபத்து மூன்று கோட்

அக்கா பத்தாம் வகுப்போடு நின்றாள். நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆனேன். இந்த இரண்டும் தனித்தனிச் செய்திகள் இல்லை. அவள் பெயின்ட் அடிக்கும் கலைக்கூடத்தில்தான் இன்று நான் படங்களுக்குக் கீழே ஒட்டும் குறிப்புகளை எழுதுகிறேன். ஒரு கண்காட்சி முடிந்ததும் சுவரைப் பட்டி பார்த்து, அடுத்து வருபவர்கள் கேட்கும் நிறத்தை அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாக.

இம்முறை ஆறு இளம் ஓவியர்கள், எல்லோருக்கும் ஒரே பொருள்: நம் நாடு எப்படி இருக்கும்? திறப்புக்கு மூன்று நாள் இருக்கையில் ஒருவர் விலகிக்கொண்டார். ஒரு சுவர் காலி.

வாளியோடு நின்ற அக்கா மேலாளரிடம், "சார், அதுல நான் ஒண்ணு பண்ணட்டுமா?" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "பண்ணு. சரியா வரலேன்னா திறப்புக்கு முன்னாடி நீயே வெள்ளை அடிச்சிடணும்."

வெள்ளை வாளியைச் சுவரடியில் வைத்துவிட்டு, உப்புத்தாளை நனைத்து வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினாள்.

மூன்றாம் நாள் காலை உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். அறுத்த மரம் போல, ஆள் உயரத்துக்கு வளையங்கள். இத்தனை வருடம் அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த நிறங்கள், தேய்த்த ஆழத்துக்கு ஏற்ப வெளியே வந்திருந்தன. வெள்ளைக்குள் நீலம், அதற்குள் மஞ்சள், பச்சை, மறுபடி வெள்ளை, அதற்குள் சிவப்பு, இன்னும் உள்ளே வேறு நிறங்கள்.

"நீலம், கடல் போட்டோ வெச்சப்ப அடிச்சது. மஞ்சள், பள்ளிக்கூடத்துப் பசங்க படத்துக்கு. பச்சை, ராணுவக் கண்காட்சிக்கு."

"இந்தச் சிவப்பு?"

அக்கா வாசலைப் பார்த்தாள். குரலைத் தணித்துச் சொன்னாள். வீடு இடிக்கப்பட்டவர்களின் கதவுகளைச் சிவப்புச் சுவரில் சாத்தி வைத்திருந்த கண்காட்சியாம். மேலிடத்திலிருந்து போன் வந்து, இரண்டாம் நாளே மூடிவிட்டார்கள். மேலாளர் சொல்ல, அவள்தான் அதன்மேல் வெள்ளை அடித்திருக்கிறாள்.

வரலாற்றில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன். அந்த வருடம் கல்லூரியில் இருந்தேன். எனக்கு அது தெரியவே தெரியாது. அப்படியென்றால் நான் என்னதான் படித்தேன்?

அவள் சுவருக்கென்று எழுதி வைத்திருந்த குறிப்பை நீட்டினேன். அதில் 'அடையாளம்' என்ற சொல் நான்கு முறை வந்திருந்தது.

"படிச்சா மூச்சு வாங்குதுடா பட்டதாரி. எத்தனை கோட்டுன்னு போடு, போதும்."

கிழித்துப் போட்டு, அவள் எண்ணிச் சொல்ல, 'சுவர்ப் பெயின்ட், இருபத்து மூன்று கோட்' என்று எழுதினேன்.

மேலாளர் வந்தார். சுவரை ஒட்டி வெகுநேரம் நின்றார். அவர் விரல் சிவப்புக்கு அருகில் போய், தொடாமல் நின்றது.

"இது அதுதானே?"

"ஆமா சார். அதைத் தாண்டாம கீழே போக வழியில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த வாளியை உள்ளே எடுத்து வை. வர்றவங்க இடறி விழப் போறாங்க."

தூக்கிக்கொண்டு நடந்தேன்.

"மூடியை நல்லா அழுத்திப் போடுடா, காய்ஞ்சிடும்" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "கண்காட்சி முடிஞ்சதும் இதுமேல அதைத்தானே அடிக்கணும்."