தெத்துப்பல் இல்லாத கப்பல்காரி

பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து மூன்று. பதினோரு வயதில் பார்க்கத் தொடங்கிய ஓர் அனிமே தொடரை, ஜப்பான் கார்ட்டூனை, இன்றுவரை விடவில்லை. வானத்தில் கப்பல் ஓட்டும் பெண்ணின் கதை. அந்தக் கப்பல்காரிக்கு மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். பல்லக்காவுக்கும் ஒன்று உண்டு. அதைப் பிடுங்கிவிடலாம் என்று அம்மா சொன்னபோது, கப்பல்காரிக்கே இருக்கிறதே என்று ஒற்றைக்காலில் நின்று தடுத்தவள்.

அந்தத் தொடரையொட்டிப் பதினான்காவது படம் வெளியான அன்று அரைநாள் விடுப்பு போட்டு முதல் காட்சிக்குப் போனாள். கப்பல்காரி திரையில் சிரித்தாள். பல்வரிசை அச்சில் வார்த்ததுபோல் நேராக இருந்தது.

அதன்பிறகு இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கப்பல் புயலுக்குள் நுழையும் இடம் அபாரம்தான், அரங்கமே மூச்சுவிடவில்லை. இவளோ கப்பல்காரி அடுத்து எப்போது வாய் திறப்பாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் வேலைக்குத் திரும்பி மெழுகில் பல் பதித்தாள். கை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம். ஒரே பல்லை மூன்று தடவை பிடுங்கி நட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அவனும் காலையிலேயே பார்த்துவிட்டானாம், படம் பிரமாதமாம். பல்லைக் கவனிக்கவில்லையாம். இப்போது புது ஆட்கள் வரைகிறார்கள், இதற்கெல்லாமா கோபப்படுவாய் என்று சிரித்தான்.

"முப்பது வருஷமா அவ மூஞ்சியத்தானே பாத்தோம்? வேற என்னத்தப் பாத்த நீ?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாளும் போனாள், முதல் வரிசையில். பல் நேர்தான். மூன்றாம் நாள் கணவரை இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதர். இந்தத் தொடரில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. அவர் இடைவேளையில்கூட எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும், "இத எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கணும்?" என்றார். அவளுக்கு எரிச்சலும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் தொடரின் முதல் பகுதியைப் போட்டாள். கையால் வரைந்த கோடுகள் லேசாக நடுங்கின. கப்பல்காரி சிரித்த இடத்தில் நிறுத்தினாள்.

"நல்லாப் பாருங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்போ கப்பல் ரொம்பச் சின்னதா இருந்திருக்கு, இல்ல?"

அவள் பத்து நொடி பின்னால் தள்ளி, மறுபடியும் ஓடவிட்டாள்.