காதுக்குள் உருமி

பக்கவாதம் வந்த வருஷம், நான் பிறந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என் கணவர் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைத் தடவி, "ஐயோ பாவம்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த திருவிழாவுக்கு, தோட்டத்துக் கேட்டிலிருந்து அம்மன் முன்னால் வரைக்கும் யார் கையும் படாமல் நடந்து வருவேன் என்று அங்கேயே சபதம் போட்டேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் எனக்கு நடைப் பயிற்சி கொடுத்த சீனப் பெண், கணுக்காலில் ஒரு கருவியைக் கட்டிவிட்டாள். அது என் நடையைக் கவனித்து, அந்த வேகத்துக்குத் தாளத்தை இயர்போன் வழியாகக் காதில் போடும். அடிக்கு அடி கால் வைக்க வேண்டும். அவள் போட்ட பியானோவுக்கு என் இடது கால் அசைந்தால்தானே!

"உருமி மேளம் இருக்கா?" என்று மலாயில் கேட்டேன். மறுவாரம் தேடிப் பிடித்துப் போட்டாள். கால் இரண்டு அடி வைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். பிறகு மாதக்கணக்கில் அதே உருமிதான்.

இந்த வருஷம் கருவியைக் கட்டிக்கொண்டு கேட்டிலேயே வண்டியிலிருந்து இறங்கினேன். ரப்பர் போய் இப்போது சுற்றிலும் செம்பனை. கணவர் காலி நாற்காலியோடு பின்னால் வந்தார். காதுக்குள் உருமி எனக்கு மட்டும்தான் கேட்கும். பார்வை குத்திட்டு, உதடு முணுமுணுக்க, உடம்பு ஆட நடந்துபோன என்னைப் பார்த்துப் பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு அருள் வந்துவிட்டதாம்! ஒரு அக்கா இடுப்பைப் பிடிக்க வந்தார்.

"தொடாதே!" என்று கத்தினேன். ஆத்தா உத்தரவு என்று எல்லாரும் விலகி வழிவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். கருவி நனைந்து தாளம் நின்றது. இன்னும் பத்தடி. இடது கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"பிடிக்கவா லா?" என்றார் கணவர், பின்னாலிருந்து.

"வேணாம்."

அதற்குள் கோயில் உருமி மேளக்காரர்கள் ஆத்தாவுக்காக என்னைச் சூழ்ந்துகொண்டு வேகமாக அடித்தார்கள்.

"மெதுவா அடிங்கடா!" என்றேன்.

உடனே மெதுவாக அடித்தார்கள். கால் கிளம்பியது. பத்தடியும் நானே நடந்தேன். அம்மன் முன்னால் நின்றபோது சந்தோஷத்தில் மூச்சு முட்டியது.

அந்த அக்கா கைகூப்பினார். "ஒரு வாக்கு சொல்லு தாயே."

நான் ஆத்தா இல்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

"அந்த நாற்காலிய மடிச்சு வண்டில போடுங்க."

நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே என் கணவர் அதை மடித்துவிட்டிருந்தார்.