பட்டாபியின் ராஜினாமா

பட்டாபி வருஷத்துக்கு ஒரு முறை ராஜினாமா செய்வார்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு, வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் அவர். ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "வயசாயிடுத்து. வேற யாராவது பார்த்துக்கோங்கோ." மூன்றாம் மாடி மித்திர பாபு பதறி எழுந்து, "நா, நா, பட்டாபி-தா!" என்று, வேண்டாம் அண்ணா என்பதை வங்காளத்தில் சொல்லிக் கெஞ்சுவார். மற்றவர்கள் கை தட்டுவார்கள். பட்டாபி கொஞ்ச நேரம் மறுத்துவிட்டு இறங்கி வருவார். பிறகு போண்டா.

இந்தக் கெஞ்சலுக்காகத்தான் அவர் வருஷம் பூராவும் தண்ணீர் பம்ப்போடும் மின்வெட்டோடும் மல்லுக்கட்டினார். தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்த காலம் முழுக்க அவரிடம் யாரும் எதற்கும் கெஞ்சியதில்லை.

அவருடைய பெருமை தீயணைப்பு ஏற்பாடு. பக்கத்துத் தெருத் துணிக்கடை எரிந்த வருஷம், சிவப்புக் கூம்பாக ஒரு தீயணைப்பான் வாங்கி மாடிப்படி அடியில் மாட்டினார். திருடு போகாமலிருக்கக் கம்பிக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. சாவி அவர் இடுப்பில். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, தலையில் ஒரு பொட்டு, நீர் பீய்ச்சும் மூக்கில் ஒரு பொட்டு என்று சந்தனம் குழைத்து அப்புவார். வங்காளிகளின் ஆயுத பூஜையான விஸ்வகர்மா பூஜைக்கு மித்திர பாபுவின் மனைவி அதே மூக்கில் சிந்தூரம் வைப்பாள். தீயணைப்பான் எல்லா சமூகத்தாருடைய அருளோடும் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் கூட்டம் மொட்டை மாடியில் நடந்தது. இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்திருந்த பாகீரதி, பாங்க் அதிகாரி, அறிக்கையின் நடுவில் கேட்டாள்.

"மாமா, அதை எப்பவாவது அடிச்சுப் பார்த்திருக்கேளா?"

"தீப்பிடிச்சாத்தானேம்மா அடிக்கணும்?"

"வேலை செய்யலேன்னு அப்போ தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

கீழ்வீட்டு மளிகைக்கடை வேதாச்சலம் சிரித்தார். "நியாயந்தானே சார்? பேசாம இந்தம்மாவையே செயலாளராப் போட்டுடலாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இரண்டொருவர் தலையாட்டியதைப் பட்டாபி பார்த்துவிட்டார். இந்த வருஷம் ராஜினாமா என்று வாயெடுத்தால் ஏற்றுக்கொண்டுவிடுவார்களோ?

"இப்பவே காட்டறேன்" என்று கீழே ஓடிப் பூட்டைத் திறந்து, தீயணைப்பானைக் குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கி வந்தார். பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் குவிந்தன. அவரே தீக்குச்சி கிழித்தார். சொல்லி வைத்தாற்போலக் காற்று வந்தது. தீ உற்சாகமாகப் பிடித்தது.

பட்டாபி கூம்பை, அதன்மேல் எழுதியிருந்தபடி, தலைகீழாக்கித் தரையில் இடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி இடித்தார். மூக்கிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மூடி இடுக்கு வழியாக நுரை கசிந்து அவர் வேட்டியை நனைத்தது.

பாகீரதி குனிந்து பார்த்தாள். "சந்தனம், மாமா. கல்லாட்டம் அடைச்சிண்டிருக்கு."

"குங்குமமும் இருக்கும்" என்றார் வேதாச்சலம்.

தீ ஜமக்காளத்தின் ஓரத்தைத் தொட்டது. தீயணைக்கவென்று மாடியில் வைத்திருந்த மண் வாளியைத் தூக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்; அதில் கறிவேப்பிலைக் கன்று வளர்ந்திருந்தது. கடைசியில் பட்டாபியின் மனைவி ஜலஜா கூட்டத்துக்காகக் கரைத்து வைத்திருந்த நீர்மோரை அண்டாவோடு கவிழ்த்தாள். தீ அணைந்தது. மாடியெங்கும் கருகிய தாளிப்பு வாசனை.

"மோர் போச்சே" என்றார் ஒருவர், உண்மையான துக்கத்தோடு.

பட்டாபி ஈர வேட்டியோடு நின்றார். "நான் விலகிக்கறேன்" என்றார். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னார். சொன்ன கையோடு மித்திர பாபுவைப் பார்த்தார். மித்திர பாபு போண்டாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ பாகீரதியம்மா?" என்றார் வேதாச்சலம்.

"எனக்கு ஆபீஸ் இருக்கு. நீங்க இருங்கோளேன்."

"கடைய யாரு பாக்குறது? மித்திர பாபு, நீங்க?"

மித்திர பாபு நெஞ்சைத் தொட்டுக்காட்டி, ரத்த அழுத்தம் என்றார். ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். விடியற்காலையில் பம்ப் மிஸ்திரியைத் தேடி ராஷ்பிஹாரி அவென்யூ முழுக்க அலைவதை நினைத்ததும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வியாதி ஞாபகம் வந்தது.

"பட்டாபி சாரே இருக்கட்டுங்க" என்றார் வேதாச்சலம். "அவருக்கென்ன, வேலையா வெட்டியா?"

கைகள் மளமளவென்று உயர்ந்தன. எந்த வருஷமும் இவ்வளவு வேகமாக உயர்ந்ததில்லை. மித்திர பாபு இரண்டு கையையும் தூக்கினார்.

இத்தனை வருஷமும் எதற்காகக் கெஞ்சினார்கள் என்பது பட்டாபிக்கு விளங்கியது. "வாங்கோ, கீழே போகலாம்" என்றாள் ஜலஜா, காலி அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவர் நகரவில்லை.

"ஏகமனதாகன்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டார்.

"எழுதிக்குங்க சார்" என்றார் வேதாச்சலம், வாயில் போண்டாவோடு.