ஏலத்துக்கு வராத பத்து இடம்

கோட்டைப்பட்டினத்தில் மாஹிராவை ஏமாற்றிக் கருவாடு விற்கக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஒரு நெத்திலியை எடுத்து இரண்டாக ஒடித்தாலே போதும், எத்தனை நாள் வெயில் பட்டது, எவ்வளவு உப்பு ஏறியது என்று சொல்லிவிடுவாள். கருவாட்டு வியாபாரி மகள். மீன் ஏலக்கூடத்தில் ஓடியாடி வளர்ந்தவள். அங்கே அவள் கண்டுகொண்ட சூட்சுமம் ஒன்று உண்டு: மீனைப் பார்க்கும் முன்னால் கூடையைச் சுற்றி நிற்கும் ஆட்களை எண்ண வேண்டும். ஆள் குறைவென்றால் கூடை நமக்கு.

இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் அவளைக் கவிழ்த்தது.

கணவன் ராஜா முகமது பதினொரு வருஷமாகச் சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பெட்டியை முழுதாகப் பிரிப்பதற்குள் திரும்பிப் போகிற மனுஷன். நான்கு வயதில் ஒரு மகள். அவனை ஊரோடு இருத்திவிட வேண்டும் என்பதுதான் மாஹிராவின் ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்து, காற்றுப் புகாத பாக்கெட்டில் அடைத்து, ஒரு வெப்சைட்டும் திறந்தாள்.

வெப்சைட் திறந்துவிட்டால் மட்டும் யாரும் வந்து வாசலில் நிற்க மாட்டார்கள். ஆட்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்களோ, அதுதான் கீவேர்ட். அதைத் தேடினால் வரும் முதல் பக்கத்தில் நம் கடை தெரிய வேண்டும். அதில் எவ்வளவு போட்டி என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இதெல்லாம் யூடியூபில் அவள் படித்த பாடம். அதற்கென்று உள்ள ஒரு தளத்தில் ‘நெத்திலி கருவாடு ஆன்லைன்’ என்று போட்டுப் பார்த்தாள். மாதம் ஆயிரக்கணக்கானோர் தேடுவதாகக் காட்டியது. பக்கத்துக் கட்டத்தில், போட்டி: குறைவு.

கூடையைச் சுற்றி ஆளே இல்லை! அந்த நிமிஷமே தம்மாமுக்கு போன் போட்டாள்.

“மச்சான், போட்டியே இல்ல. ஆறு மாசம் குடுங்க. எக்ஸிட் அடிச்சுட்டு வந்துருங்க.”

வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு ஊர் திரும்புவதற்கு அங்கே பிழைப்பவர்கள் வைத்த பேர் எக்ஸிட். அடித்தால் அடித்ததுதான். பழைய விசாவில் மறுபடி உள்ளே நுழைய முடியாது.

ஆறு மாதமும் ராப்பகலாக வெப்சைட்டில் எழுதினாள், படம் எடுத்துப் போட்டாள். தன் போனில் தேடிப் பார்த்தால் முதல் இடத்தில் அவள் கடைதான். அதைத் தவறாமல் அவனிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். ஆனால் வாங்கியவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். வெளியாள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த வியாழக்கிழமைக்குள், இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு இருப்பதா கிளம்புவதா என்று அவன் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மாஹிரா பஸ் ஏறி அறந்தாங்கிக்குப் போனாள். கூடப் படித்த பிளெஸ்ஸி அங்கே கடைகளுக்கு வெப்சைட் செய்துகொடுக்கிறாள்.

“எந்தப் போன்ல பாத்த?” என்றாள் பிளெஸ்ஸி, முதல் இடம் என்று இவள் சொன்னதுமே.

“என் போன்லதான்.”

“நீதான் தெனமும் அதுக்குள்ளயே கெடக்கியே. ஒன் போனு ஒனக்குப் புடிச்சதத்தான் மேல தூக்கிக் காட்டும்.”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. மாஹிராவின் போனும் அந்தக் காக்கை சாதிதான். பிளெஸ்ஸி தன் கம்ப்யூட்டரில், சென்னையில் இருக்கும் யாரோ தேடுவதுபோல் வைத்துத் தேடினாள். முதல் பக்கத்தில் இரண்டு பெரிய ஆன்லைன் கடைகள், ஊர் ஊராகக் கிளை உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட், லட்சம் பேர் பார்த்த சமையல் வீடியோ, ஒரு பத்திரிகைக் கட்டுரை. இரண்டாம் பக்கத்தில் அவள் இல்லை. மூன்றிலும் இல்லை. ஆறாம் பக்கத்தின் அடியில் கிடந்தது மாஹிராவின் கடை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “போட்டி கொறைவுன்னு போட்டிருந்துச்சேடி!”

“அது வெளம்பரம் போடுறவங்களோட போட்டி. மொதப் பக்கத்துல மேல ரெண்டு மூணு எடத்த வெளம்பரத்துக்குன்னு ஏலத்துல விடுறான்ல, அதக் கேக்க ஆளு கொறைவுங்குறான். கீழ உள்ள பத்து எடம் ஏலத்துக்கே வராது. அதுல யாரு உக்காந்திருக்கா, எத்தன வருசமா உக்காந்திருக்கா, நல்லா எழுதியிருக்காங்களா, சும்மா ஒப்பேத்தியிருக்காங்களான்னு நாமதான் ஒவ்வொண்ணாத் தொறந்து பாக்கணும்.”

ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தால்கூட மனசு ஆறும். இவள் ஆழம் பார்த்துவிட்டல்லவா விட்டாள், பக்கத்துக் குளத்தின் ஆழத்தை!

பிளெஸ்ஸி நல்லவள். அத்தோடு விடாமல் வேறு வேறு வார்த்தை போட்டுப் பார்த்தாள். ‘உப்பு குறைந்த நெத்திலி கருவாடு’ என்று போட்டபோது முதல் பக்கம் காற்றாடியது. யாரோ எப்போதோ கேட்டுப் பதில் வராத கேள்வி ஒன்று, நெத்திலிக்குச் சம்பந்தமே இல்லாத பக்கங்கள் நாலைந்து.

“இங்கிட்டு நீ நொழையலாம். பிரஷர் உள்ளவங்க தேடுவாங்க. ஆனா கொஞ்சப் பேருதான். ஒரு வருசம்கூட ஆகும் மாஹிரா.”

ஒரு வருஷம் என்பது மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. திரும்பும் பஸ் ஆவுடையார்கோவிலைத் தாண்டியும் அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் புருஷன் வந்துவிடுவான். வந்தபின் அடுப்பில் என்ன ஏறும்? சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் வர மாட்டான். வீட்டு வாசல்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள்.

“மச்சான், நான் தப்பாப் பாத்துட்டேன். நாம ஆறாவது பக்கத்துல கெடக்கோம். எக்ஸிட் அடிச்சிராதீங்க.”

“தெரியும் புள்ள” என்றான்.

“என்ன தெரியும்?”

“இங்கேருந்து தேடுனா நம்ம கடை வர மாட்டேங்குது. மூணு மாசமாப் பாக்குறேன். ரூம்ல உள்ளவங்க போன்லயும் பாத்துட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தீங்களா?”

“மொத எடம், மொத எடம்னு சந்தோசமாச் சொல்லுவ. எப்புடிச் சொல்றது?”

மாஹிராவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, “சரி, ரெண்டு வருசத்துக்குப் போட்டுருங்க மச்சான்” என்றாள்.

“எக்ஸிட் அடிச்சு நாலு நாளாச்சு.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான். கடை ஓடட்டும் வாரேன், ஓடட்டும் வாரேன்னு பாத்துக்கிட்டே இருந்தா, அது ஓடுறதுக்குள்ள புள்ளைக்கு நிக்காஹ் வந்துரும். அதான் வாரேன்.”

வாரேன் என்ற இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆறு மாதம் ராப்பகலாக உழைத்தாள். அது வந்தபோது சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

“சோத்துக்கு என்ன செய்றது மச்சான்?”

அவன் வந்து இறங்கும் நாளைச் சொன்னான்.

“வெள்ளிக்கெழம காலையில திருச்சியில எறங்குறேன். ஏர்போர்ட்டுக்கு நீ மட்டும் வா. புள்ள போன்லதான் என்னையப் பாத்துச் சிரிக்கும். நேர்ல பாத்தா அழும்.”