வளையவால்காரிக்கு வைத்த நேர்த்தி

பிள்ளைகளே, போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து, வகுப்பில் எல்லாரும் தங்கள் அப்பா செய்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றீர்கள். அப்பா முன்பு லெமூர் பராமரித்தவர் என்று சொன்னதும் ரீச்சர் கைதட்டினாவாம். வெயிலில் கைகளை விரித்துக்கொண்டு சாமி கும்பிடுகிறமாதிரி இருக்குமாமே, நல்ல பாசமான பிராணிகளாமே, ஒரு கதை சொல்லுங்கோ என்று டெனிஷில் கேட்டீர்கள். சோறு ஆறுகிறது என்று சொல்லி நான் பேச்சை மாற்றினேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் நின்று நிதானித்துச் சொல்லலாம். நான் படித்தது கொஞ்சம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது வகுப்பில் சொல்லக்கூடிய கதை இல்லை.

நீங்கள் அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் இருந்த காலம் அது. நான் இங்கே டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊரில் இருந்தேன். குடும்பத்தைக் கூப்பிட எங்களுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது. ஆனாலும் தமிழரின் விண்ணப்பங்கள் மட்டும் மேலிடத்தில் கிடந்து ஊறின. அப்படிக் கிடக்கவிட்டது சட்டத்துக்கு மாறு என்று பிறகு வெளிவந்து அரசாங்கமே கவிழ்ந்ததும், இந்த நாட்டார் அதைத் தமிழர் வழக்கு என்று சொல்வதும் உங்களுக்குத் தெரியும். அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே குண்டு விழுகிறது, இங்கே பதில் இல்லை. அவ்வளவுதான் தெரியும்.

கொம்யூன் என்கிற இங்கத்தைய நகரசபை என்னை ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய மிருகத் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பியது. கரட், அப்பிள் வெட்டுவது, கூடு கழுவுவது, லெமூர்களைப் பார்த்துக்கொள்வது. லெமூர் பார்வைக்குக் குரங்குமாதிரி, நீட்டு வாலோடு இருக்கும்; அவற்றின் சொந்த நாடு மடகஸ்கார். அங்கே காட்டை எரித்து வயல் ஆக்குகிறார்களாம், இனம் அழிந்துபோகுமாம். அதனால் ஐரோப்பாவில் இருக்கிற தோட்டங்கள் கூடி, எது எதோடு சேர வேண்டும், எது எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்துப் பாதுகாத்தார்கள். எனக்கு மேலே வேலை செய்த டெனிஷ் மனிசி அதை முதல் நாளே சொல்லிவிட்டா. இவை எங்கள் சொத்து இல்லை, இனத்தின் சொத்து என்றா.

லெமூர்க் கூட்டத்தில் பெண்தான் அரசு. சாப்பாடும் வெயிலும் முதலில் பெண்ணுக்கு. ஆண் சும்மா எட்ட இருந்து முகர்ந்துகொண்டு திரியும். எங்கள் கூட்டத்துத் தலைவி காது கிழிந்த ஒரு கிழவி. அவவின் தங்கை ஒருத்தி இருந்தாள், வாலின் வளையங்கள் கறுகறுவென்று இருக்கும். வளையவால்காரி என்று நான் மனதுக்குள் கூப்பிடுவேன். அங்கே மிருகங்களுக்குப் பெயர் வைப்பதில்லை.

வசந்தத்தில் தலைவிக்கும் தங்கைக்கும் ஒரே நேரம் குட்டி பிறந்தது. அதோடு தொடங்கியது. முதலில் கடிக்கவில்லை. பார்த்தார்கள். தங்கை வெயிலுக்கு வந்து குந்தினால் தலைவியும் அவவின் மகள்மாரும் எழும்பி அவளையே பார்ப்பார்கள். அவள் குட்டியை முதுகில் காவிக்கொண்டு நிழலுக்குப் போவாள். பிறகு தட்டுக்குக் கிட்ட வரவிடவில்லை. பிறகு துரத்தினார்கள். கூட்டம் இருந்த இடம் ஒரு சின்னத் தீவு, அதைச் சுற்றி வாய்க்கால் ஓடியது. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் பயம், அதனால் வேலி தேவையில்லை. ஒரு காலை எல்லாருமாகக் கலைத்ததில் அவள் அந்தத் தண்ணீருக்குள் பாய்ந்தாள். அவளை நான் நீட்டுத்தடியால் இழுத்து எடுத்தேன். குட்டி முதுகில் இல்லை.

கரையில் தலைவி தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தா.

வளையவால்காரியைப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூட்டில் தனியே வைத்தோம். லெமூர் தனியே இருந்தால் வாழாது, வாலைத் தானே கடித்துத் தின்னும். வேறு தோட்டத்துக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அந்த மனிசி கோப்பி நேரம் கேக் வெட்டிக்கொண்டே பதில் சொன்னா: “இவளின் இரத்தம் எல்லாத் தோட்டத்திலும் இருக்கு. ஒருவருக்கும் இன்னொன்று தேவையில்லை. குளிர் தொடங்க முதல் கூட்டத்தோடு சேர்ந்தால் இருப்பாள். இல்லாவிட்டால் ஊசி.” பிறகு கேக் துண்டை என் பக்கம் தள்ளினா. அவ கெட்ட மனிசி இல்லை. அவர்களின் முறை அது. இனத்தைக் காப்பாற்றத்தான் அத்தனை பாடு, தனி ஒன்றுக்கு இடம் இல்லாவிட்டால் இல்லைதான்.

அன்றைக்கு நான் ஒரு வேலை செய்தேன். நல்லூர் முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். வளையவால்காரி தன் கூட்டத்தோடு சேர வேணும், என் மனிசி பிள்ளைகள் என்னோடு சேர வேணும், இரண்டும் நடக்கும்வரை வெள்ளிக்கிழமையில் பொழுதுபடும்வரை பச்சைத் தண்ணீரும் குடிக்கேன் என்று. இரண்டையும் ஒன்றாகத்தான் கட்டினேன். அவள் சேர்ந்தால் நீங்கள் வருவீர்கள் என்று என் மனம் நம்பிவிட்டது.

என்னோடு அறையில் இருந்த மன்னார் நண்பன் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டுகிறவன், வேதக்காரன். அவனும் மனிசியை எதிர்பார்த்து இருந்தவன். வெள்ளிக்கிழமை நான் சாப்பிடாமல் இருப்பதைக் கண்டு கிண்டிக் கிண்டிக் கேட்டு விசயத்தை எடுத்துவிட்டான்.

“குரங்குக்கோ நேந்தனி?”

“அது குரங்கு இல்லை. எல்லாருக்கும் சேர்த்துத்தான்.”

“விசரா. நானும் மடு மாதாவுக்கு நேந்திருக்கிறன், அது என்ர மனிசிக்கு மட்டும். உன்ர பிள்ளையளைக் கொண்டுபோய் ஒரு வாலில கட்டி வைச்சிருக்கிறாய். நேத்தியைப் பிரிச்சு வை மச்சான்.”

பிரித்து வைப்பது எப்படி? வைத்தது வைத்ததுதான் என்றேன். அவன் கோழிக் காலைக் கடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் வேண்டுமென்றே எலும்பை உறிஞ்சினான்.

லெமூர் கண்ணால் அல்ல, மணத்தால்தான் உறவு கொண்டாடும். அதனால் அவள் குந்தியிருந்த கொப்புகளைக் கூட்டத்துக்குள் வைப்பேன், அவர்கள் உரசிய கொப்புகளை அவளுக்குக் கொண்டுபோவேன். கோடை முழுக்க அதுதான் என் வேலை. ஆண்கள் கம்பிக்குக் கிட்ட வந்து முகர்ந்தன. பெண்கள் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் மட்டும் நாள் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். நான் போனால் தோளில் ஏறி இருந்து பார்ப்பாள்.

இலை விழத் தொடங்கிய காலத்தில் கதவைத் திறந்தோம். அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய், ஒரு ஓரத்தில் இருந்தாள். ஒரு ஆண் வந்து அவளின் கழுத்து மயிரைக் கோதியது. மத்தியானம்வரை நல்லாய்ப் போனது. மனிசி என் முதுகில் தட்டினா. பிறகு தலைவி ஆறுதலாக, மெல்ல எழும்பி வந்து, முகர்ந்து பார்த்து, பக்கத்தில் இருந்தா. இருந்துவிட்டுத்தான் பாய்ந்தா. துடையில் சதை பிய்ந்தது. கூடு கூட்டுகிற தும்புத்தடியால் அடித்துப் பிரித்தோம்.

முடிந்தது என்றா மனிசி. நான் இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கெஞ்சினேன். ஏன் என்று கேட்டா. நேர்த்திக்கு டெனிஷில் சொல் எனக்குத் தெரியாது. என் பிள்ளைகள் என்று மட்டும் சொன்னேன், கண் கலங்கிவிட்டது. அவவுக்கு விளங்கவில்லை. என்றாலும் காயம் ஆறவிட்டு இன்னொரு தரம் திறப்போம் என்றா. “ஆனால் இது அவளுக்குச் செய்கிற நன்மை இல்லை, அதைத் தெரிந்துகொள்,” என்றா.

இரண்டாம் தரம் தலைவி எழும்பவேயில்லை. வெயிலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு, நீங்கள் சொன்னமாதிரிக் கும்பிட்டுக்கொண்டு இருந்தா. எழும்பி வந்தது ஒரு இளையது. போன வருடம் வளையவால்காரி பெற்ற மகள். அவள் தன் மகளைக் கண்டு, குட்டிகளைக் கூப்பிடுகிறமாதிரி மெல்ல முனகிக்கொண்டு முகத்தை நீட்டினாள். மகள் நேரே முகத்தில்தான் கடித்தது. ஒரு கண் போனது. பிறகு மற்றவர்கள் வந்தார்கள். மகள் கடித்த பின்னர்தான் வந்தார்கள்.

மிருக வைத்தியர் பின்னேரம் வந்தார். கையுறை போட்டவரிடம் அவள் பயப்படுவாள், உன்னிடம் அமைதியாக இருக்கிறாள், நீ பிடி என்றா மனிசி. அதுவும் அவ அந்தப் பிராணிக்குக் காட்டிய இரக்கம்தான். நான் கூட்டுக்குள் போய் இருந்தேன். அவள் தானாகவே வந்து மடியில் ஏறி, மிஞ்சியிருந்த கண்ணால் என்னைப் பார்த்து, என் சுவெற்றருக்குள் தலையை வைத்தாள். லெமூர் சுகமாக இருந்தால் பூனைமாதிரித் தொண்டைக்குள் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தது. ஊசி போட்ட பிறகும் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு நின்றது. வைத்தியர் சட்டைக்கையை இறக்கிக்கொண்டு, அடுத்த முறை இந்தக் கூட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சம் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அறைக்குப் போய் நண்பனுக்குச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பன்றி இரத்தம் காய்ந்த நகங்களைக் கழுவிக்கொண்டு நின்றவன், திரும்பாமலே கேட்டான்:

“அப்ப உன்ர பிள்ளையள் வரமாட்டினமோ?”

“தெரியாது.”

“சொன்னனான் தானே. பிரிச்சு வை எண்டு சொன்னனான் தானே.”

குளிர்காலம் முழுக்க நான் நித்திரை கொண்டது குறைவு. நீங்கள் வரமாட்டீர்கள் என்று முடிவாகவே நினைத்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் எடுக்கக்கூடப் பயந்தேன். எடுத்தால் ஏதும் நடந்ததாகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். ஆனால் நீங்கள் வந்தீர்கள். நன்றாகப் பிந்தித்தான், என்றாலும் வந்தீர்கள். விமான நிலையத்தில் மூத்தவர் நீங்கள் என்னை யாரென்று தெரியாமல் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டீர்கள். நண்பனின் நேர்த்தி பிரித்து வைத்த நேர்த்திதான், ஆனால் அவன் மனிசி வரவே இல்லை. காத்திருந்து களைத்து, வேறு இடத்தில் கலியாணம் முடித்துக்கொண்டா. அவன் அதற்குப் பிறகு கோயில் பக்கம் போவதில்லை. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பில்லை, பிள்ளைகளே. யாருக்கு எது கிடைக்கும் என்பதற்கு ஒரு முறையும் இல்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு காலம் எடுத்தது.

அந்தப் பின்னேரத்தில் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வைத்தியரும் மனிசியும் அவளைச் சாக்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனபின், அடுத்தது வருவதற்காகக் கூட்டைக் கழுவி வைத்தேன். கழுவி முடிந்ததும் பின்பக்கம் போய், ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, சுடலையால் வந்த ஆள் வீட்டுக்குள் போக முதல் முழுகுகிறமாதிரி, குழாய்த் தண்ணீரைத் தலையில் திறந்துவிட்டேன், சுவெற்றரோடு.