பேட்டரியைத் துடைத்த லைட்டக்கா

லைட்டக்காவைத் தெரியாத ஒர்க்‌ஷாப் அந்த வட்டாரத்தில் இல்லை. இப்போது வருகிற கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு துவாரம் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு இன்னது என்று திரையில் எழுத்தாகவே வந்துவிடும். அந்தத் துவாரம் இல்லாத பழைய வண்டி வந்து நின்றால் மெக்கானிக்குகள் தலையைச் சொறிந்துவிட்டு, "அக்கா ஷெட்டுக்குப் போங்க" என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

அக்காவிடம் இருந்த கருவி அரைச் சாண் ஒயர், அவ்வளவுதான். பானட்டுக்குள் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள இரண்டு முனைகளை ஒயரால் இணைப்பாள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புவாள். மீட்டர் பக்கத்தில் எஞ்சின் விளக்கு சிமிட்டத் தொடங்கும். மூன்று தடவை சிமிட்டி, சற்று நின்று, ஒரு தடவை சிமிட்டினால் முப்பத்தொன்று. எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்ற பட்டியலை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். ஆனால் அதைத் திரும்பிப் பார்த்துப் பல வருடமாகிவிட்டது. அந்தக் கர்வம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு. கடைத்தெருவில் சீரியல் விளக்கைப் பார்த்தால்கூட எண்ண ஆரம்பித்துவிடுவாள் என்று பஸ் ஓட்டும் அவள் கணவர் கேலி செய்வார்.

அவளிடம்தான் டைப்பிஸ்ட் ஒருவர் தன் பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் பேசும்போது மேஜையில் விரல்கள் தட்டிக்கொண்டே இருக்கும் மனிதர். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள், திங்கள், வியாழன், சனி, டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். போகிற வழியில் கார் திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துக் கிளப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடுகிறது.

லைட்டக்கா பானட்டைத் தூக்கினாள். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அவளுக்கு இந்த அசிங்கம் மட்டும் கண்ணில் படக்கூடாது. உடனே கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, பளபளவென்று மாட்டினாள். பிறகு சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு இங்கே அங்கே தொட்டுப் பார்த்தாள். எஞ்சின் சூட்டை அளக்கிற சென்சாரின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடி செருகினாள். அதற்குப் பிறகுதான் ஒயரை எடுத்தாள். விளக்கு இரண்டு சிமிட்டியது, நின்றது, மறுபடி இரண்டு சிமிட்டியது.

"இருபத்திரண்டு. சூட்டு சென்சார் போயிருக்கு சார். மாத்திட்டா தொல்லை விட்டுது."

மாற்றினாள். அடுத்த சனிக்கிழமையே, டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், நடுரோட்டில், லாரிகளுக்கு நடுவே, கார் நின்றது. வெயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் மனைவி வீட்டுக்கு வந்ததும் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ரோட்டில கிடந்து சாகிறதுக்கு, நான் வீட்டிலயே கிடந்துட்டுப் போறேன்." திங்கட்கிழமை போகவில்லை. வாடகைக் கார் வேண்டாம், ஆம்புலன்ஸ் வேண்டாம், எதுவும் வேண்டாம். வியாழனும் போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் சொன்னாராம். புதன்கிழமை ஷெட்டுக்கு வந்த டைப்பிஸ்ட் அவளைத் திட்டக்கூட இல்லை. நடுரோட்டில் வண்டியைக் கிளப்ப, அவளைப் போலவே பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டியதாக மட்டும் சொன்னார். விரல்கள்தான் அசையாமல் இருந்தன.

அவர் போன சற்று நேரத்தில், காலையில் வண்டியை எடுத்துப்போன வேறொருவர் சலித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஏன்க்கா, பேட்டரியைத் துடைச்சுக் கொடுத்தீங்க, சரி. ரேடியோவில நான் வச்சிருந்த ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சு போச்சே!"

லைட்டக்காவுக்கு டைப்பிஸ்டின் கார் நினைவுக்கு வந்தது. பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ மட்டுமா மறக்கும்? வண்டி நினைவில் வைத்திருந்த கோளாறு எண்ணும் அழிந்துதானே போகும்! துடைக்கிறேன் என்று உண்மையான எண்ணை அவளே அழித்திருக்கிறாள். அப்புறம் சாவி திரும்பியிருக்கும்போது சென்சாரைப் பிடுங்கி, இருபத்திரண்டை அவளே எழுதியும் வைத்திருக்கிறாள். விளக்கு அவள் செய்த காரியத்தை அவளுக்கே சொல்லியிருக்கிறது. இதுகூடத் தெரியாமல் இருபது வருடம் என்ன கிழித்தோம் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாருக்குத் தெரியப் போவுது? இன்னொரு தடவை பார்க்கிறேன்னு வண்டியை வாங்கிக்கோயேன்" என்றார் இரவில் விஷயத்தைக் கேட்ட கணவர்.

"பார்க்கலாம்தான். ஆனா சனிக்கிழமை வந்த எண்ணும் அழிஞ்சாச்சு, திரும்ப வரணும்னா வண்டி ரோட்டில ஓடி நிக்கணும். அது எப்போ நிக்கும்னு தெரியாது. நாளைக்கே அந்தம்மா டயாலிசிஸ் போகணும், ஏற மாட்டேங்கிறாங்க. என்னாலதான்."

வியாழன் காலை டைப்பிஸ்ட் வீட்டுக்குப் போய், கட்டிலில் முகம் வீங்கிப் படுத்திருந்த அந்த அம்மாவின் எதிரே நின்றாள். பூசி மெழுகவில்லை. "தப்பு என்மேலதாம்மா. வண்டி சொன்னதை நான் கேக்கிறதுக்கு முன்னாடியே அழிச்சுட்டேன். இன்னைக்கும் அது நிக்கும். நின்னாத்தான் எனக்குத் தெரியும். நானும் கூட வர்றேன்."

அந்த அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு கணவரிடம், "அந்தச் செருப்பை எடுங்க" என்றார்.

பாலத்தைத் தாண்டி ஏற்றத்தில் கார் அணைந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. லைட்டக்கா பேட்டரிப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. ஒயரை மாட்டிவிட்டு ஓடிவந்து, ஜன்னல் வழியே சாவியைத் திருப்பினாள். விளக்கு சிமிட்டியது. வழியில் இந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் மெல்லிய குரல் பின்சீட்டிலிருந்து கூடவே எண்ணியது.

"ஒண்ணு... நின்னுடுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பதினாலாம்மா?"

"பதினாலேதாம்மா!"

இக்னிஷன் சிக்னல், எஞ்சினில் தீப்பொறியைக் கிளப்பும் மின்குறிப்பு. அதற்கான ஒயர் இணைப்பில் சேரும் இடத்தில், மேலுறை முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. சூடேறினால் விலகும், ஆறினால் தொட்டுக்கொள்ளும். வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினாள். கார் கிளம்பியது.

ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம் தாமதம். நர்ஸ் ஊசியைத் தயார் செய்தபடியே கடிந்துகொண்டார். "திங்கக்கிழமை ஏன் வரலை? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? சனிக்கிழமையாவது வருவீங்களா?"

"வருவேன்."

"வண்டி நின்னா?" என்றார் டைப்பிஸ்ட்.

"நிக்கட்டும். இத்தனை வருஷத்தில என்கிட்ட வந்து 'என் தப்பு'ன்னு சொன்னது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அவ பார்த்த வண்டி. நான் ஏறுவேன்."

வாசலில் நின்றிருந்த லைட்டக்கா கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.